மோல்மேன் மழையும் சித்தப்பாவின் ஹோண்டா வேவும்: ஒரே வண்டிக்கு இரண்டு முறை செராமிக் கோட்டிங்

பர்மாவில், மோல்மேன் என்று நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மௌலமியாயிங்கில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. அதிலும் பெரும்பகுதி மே நடுவில் தொடங்கி அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இந்த ஊரில் ஒரு மோட்டார்சைக்கிளின் பெயிண்டைக் காப்பாற்ற, அதன் மேல் திரவமாகப் பூசி இறுகவிடும் செராமிக் கோட்டிங் உதவுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் ஒரே வண்டிக்கு இரண்டு முறை போட்டேன், முதல் முறை கெட்டுப்போனது, இரண்டாம் முறை நின்றது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை நடந்தபடியே எழுதுகிறேன், ஏனென்றால் வித்தியாசம் பாட்டிலில் இல்லை.

வண்டி என் சித்தப்பாவுடையது. ஹோண்டா வேவ் 125, சிவப்பும் கறுப்பும், முதல் முறை போட்டபோது வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. முடோன் பக்கம் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் ரப்பர் ஷீட்டுகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட ஓட்டி மோல்மேனுக்கு வருவார். ஆகவே இது நிழலில் நின்று மினுங்கும் வண்டி இல்லை. தினம் செம்மண் சேறு, மழைத் தண்ணீர், பாதியே காய்ந்த ரப்பர் ஷீட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் அதன் மேல்தான். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள் என்பது தோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சொட்டிலும் கொஞ்சம் அமிலம் இருக்கும், வெயிலில் அப்படியே காய்ந்தால் பெயிண்டில் வெளுத்த வட்டமாக நின்றுவிடும். சித்தப்பா வண்டியின் பின்பக்க கவரில் அப்படி ஏழெட்டு வட்டங்கள் இருந்தன. சிவப்பும் மேலே வெயில் படும் இடங்களில் மங்கத் தொடங்கியிருந்தது. "தம்பி, இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று அவர் கேட்டதில்தான் இது ஆரம்பித்தது.

முதல் முறை, ஆகஸ்ட் 2023

நண்பர் ஒருவர் தாய்லாந்தை ஒட்டிய மியாவதி எல்லை வழியாக 30 மில்லி பாட்டில் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். கையில் பாட்டில் வந்துவிட்டது, சித்தப்பா ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சம்மதித்துவிட்டார், எனக்கு அவசரம். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, நான் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் வேலையைத் தொடங்கினேன்.

அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம், வாளியின் அடியில் துரு நிறத்தில் படியும். பழைய துண்டால் துடைத்தேன். பாலிஷ் மெஷினை எடுத்து முன் கவரை முடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது, மிச்சத்தைக் கையாலேயே தேய்த்தேன். பாலிஷில் இருக்கும் எண்ணெயை ஆல்கஹால் கொண்டு துடைத்தெடுக்க வேண்டும், அதை நான் செய்யவில்லை, பார்க்கப் பளபளப்பாக இருந்ததால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் கோட்டிங் பூசினேன்.

பாட்டிலின் மேல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து துடைக்கச் சொல்லியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். ஒரு நிமிடம் முடிவதற்குள் மேற்பரப்பு ஒட்டத் தொடங்கிவிட்டது, துணி இழுபட்டது, துடைக்கத் துடைக்கக் கோடு கோடாக நின்றது. சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. மறுநாள் ஷீட் கொண்டுபோயே ஆகவேண்டும் என்பதால் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனார், பூசி முடித்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. பாதி வழியில் மறுபடி மழை.

மறுநாள் பார்த்தால் பக்கவாட்டு கவர்களில் எண்ணெய் சிந்தியதுபோல் கறுத்த திட்டுகள். ஐந்து வாரத்தில் பின்பக்கம் தண்ணீர் உருண்டு ஓடுவதே நின்றுபோனது. அதைவிட மோசம், மழைத்துளி காய்ந்த இடங்களில் வெள்ளை வட்டங்கள் கோட்டிங்குக்குள்ளேயே பதிந்திருந்தன. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

ஏன் அப்படி ஆனது என்று உட்கார்ந்து யோசித்தபோது ஒவ்வொன்றாகத் தெளிவானது. செராமிக் கோட்டிங் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கான் சார்ந்த பிசின், பாலிசிலசேன் அல்லது சிலாக்சேன் வகை, கரைப்பானில் கலந்திருக்கும். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போகிறது, பிசின் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலையாக இறுகுகிறது. ஆக ஈரம் அதற்கு எதிரி இல்லை, இறுகுவதற்கே ஈரம் வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும். ஆகஸ்டில் எங்கள் காற்றில் ஈரம் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அந்த வேலை துடைப்பதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது. பாட்டிலில் போட்ட நேரம் இருபது இருபத்தைந்து டிகிரிக்கும், ஐம்பது சதவீத ஈரத்துக்கும் எழுதியது. நான் அதை மோல்மேன் மழைக்குள் வைத்துப் பார்த்தேன்.

அடுத்தது, அடியில் இருந்த எண்ணெய். பிசின் கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சைப் பிடிக்க வேண்டும், எண்ணெயைப் பிடித்தால் எண்ணெயோடு சேர்ந்தே போய்விடும். மெஷினால் முடித்த முன் கவர் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. கையால் அழுத்தித் தேய்த்த இடங்களில் பாலிஷ் எச்சம் அதிகம் தங்கியிருந்தது, அங்கேதான் முதலில் போனது. மூன்றாவது, மழை. பூசி முடித்து முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, முழுசாக இறுக ஒரு வாரம் போல ஆகும். பாதி இறுகிய பரப்பில் சேறு கலந்த தண்ணீர் காய்ந்தால் அதில் உள்ள தாது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்த வெள்ளை வட்டங்கள் அதுதான்.

இடையில் ஒரு விஷயம். கடைகளில் 9எச் என்று பெரிதாக எழுதி, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த 9எச் பென்சில் அளவு. கடினமான பென்சில் முனையால் பெயிண்டைக் கீறிப் பார்க்கும் சோதனை, அந்தச் சோதனை அளவு 9எச்சோடு முடிந்துவிடுகிறது. வைரம் பத்து என்று வருவது கனிமங்களுக்கான மோஸ் அளவு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் படலத்தின் தடிமன் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மைக்ரான். கிளியர் கோட் மட்டுமே முப்பத்தைந்து ஐம்பது மைக்ரான் இருக்கும். அவ்வளவு மெல்லிய படலம் லாரி டயர் தெறிக்கும் கல்லைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல் பட்டால் பெயிண்ட் பெயரத்தான் செய்யும்.

டிசம்பர் வரை காத்திருந்தது

நவம்பர் வந்ததும் ஊர் மாறிவிடும். காலையில் லேசான குளிர், காற்றில் வறட்சி, வானம் வெளுத்துக் கிடக்கும். டிசம்பர் இரண்டாம் வாரம் சித்தப்பா மூன்று நாள் வண்டியை விட்டுத் தந்தார், ஷீட்டுகளை மச்சானின் வண்டியில் அனுப்பினார். இந்த மூன்று நாள் கிடைத்ததுதான் முக்கியம். யாராவது ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றால், அவர்கள் இறுகுவதற்கான நேரத்தை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

முதல் நாள் முழுக்கக் கழுவலும் சுத்தமும். கிணற்றுத் தண்ணீரில் முதல் கழுவு, ஆனால் கடைசி அலசல் மட்டும் அக்டோபரில் பீப்பாயில் பிடித்து மூடி வைத்த மழைத் தண்ணீரில். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து குடிக்க மழைத் தண்ணீர் பிடித்து வைப்பது வழக்கம். அதில் சுண்ணாம்பும் இரும்பும் கிட்டத்தட்ட இல்லை, காய்ந்தால் கறை நிற்காது. பணம் கொடுத்து வடிகட்டி வாங்குகிறவர்கள் தேடுவது இதைத்தான், நமக்கு வானத்திலிருந்து வருகிறது.

அப்புறம் இரும்புத்தூள் நீக்கி. இது பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளோடு சேர்ந்து ஊதாவாக மாறி வழியும். முன் சக்கரம் முழுக்க ஊதாவாகிப் போனது, பார்த்தவர்கள் பயந்தே போனார்கள். செயினிலும் முலாம் பூசிய போல்ட்டுகளிலும் இதைப் படவிடாதீர்கள், காயவும் விடாதீர்கள், உடனே அலசிவிடுங்கள். அதற்குப் பிறகு களிமண் கட்டி, வண்டி சுத்தம் செய்யவென்றே விற்கும் கிளே பார், சாதாரண மண் இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து லேசாக உருட்டினால் தார், ரப்பர் பிசுக்கு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பின்பக்க கவரில் இருந்த ரப்பர் பால் திட்டுகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் போனது. பழைய வெள்ளை வட்டங்களில் புதியவை சில, தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்ததும் போயின. பழையவை போகவில்லை, அதற்குப் பாலிஷ்தான் வழி.

பாலிஷ் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், காருக்கு எழுதிய குறிப்புகளைப் பார்த்து வேவ் மாதிரி வண்டியில் செய்தால் கெட்டுவிடும். வேவில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வெளியே தெரியும் பெயிண்ட் எல்லாம் கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மேல்தான். இரும்பு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது. மெஷினை ஒரே இடத்தில் இரண்டு நொடி அதிகம் வைத்தால் சூடு அங்கேயே தங்கி கிளியர் கோட் இளகிவிடும். பெயிண்ட் எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், கார் கடைகளில் வைத்திருக்கும் காந்த வகை அளவுகோல் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது. விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும். ஆகவே விளிம்புகளிலும் ஸ்டிக்கர் ஓரங்களிலும் டேப் ஒட்டி மறைத்து, சின்ன பேடு போட்டு, குறைந்த வேகத்தில், கை வைத்துப் பார்த்து இளஞ்சூட்டுக்கு மேல் போகாமல் செய்தேன். அப்படியும் கால் மறைப்பின் இடது மூலையில் டேப் விலகியது தெரியாமல் ஓட்டிவிட்டேன், பேடில் சிவப்பு ஏறியதைப் பார்த்ததும் நிறுத்தினேன். கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டது என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம். நகத்தளவு இடம் மங்கிப்போய் இன்றும் இருக்கிறது. சித்தப்பாவிடம் அன்றே காட்டிவிட்டேன்.

பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக்கில் பாலிஷ் படவே கூடாது. வெள்ளைத் தூள் அதன் சொரசொரப்புக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. மேட் பெயிண்ட் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் பாலிஷ் பக்கமே போகாதீர்கள், தேய்த்த இடம் பளபளத்துவிடும், திரும்ப மேட் ஆகாது.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் கோட்டிங். வெயில் நேராகப் படாத கொட்டகை, தரையில் தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக் காயவிட்டிருந்தேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து எல்லா இடத்தையும் இரண்டு முறை துடைத்தேன், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கம். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டேன், கரைப்பான் வாசனை தலைவலி தரும், தோலில் பட்டாலும் நல்லதில்லை. பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தது, ஆனால் திறந்து நாலு மாதம் ஆகியிருந்ததால் வாய்ப்பக்கம் கண்ணாடித்தூள்போல் உறைந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பாட்டில் திறந்தேன். பூசும் துணியில் ஒரு உறைந்த துகள் இருந்தால் போதும், எல்லா வேலையும் கீறலாகிவிடும்.

ஒரு தடவைக்கு உள்ளங்கை இரண்டு அளவு இடம் மட்டும். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை. பூசியதும் பெட்ரோல் தண்ணீரில் மிதப்பதுபோல் வானவில் நிறம் வரும். அது வந்து சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுருங்கத் தொடங்கும் நேரத்தில் துடைக்க வேண்டும். கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நிறத்தைத்தான் பார்த்தேன். அன்று காலை ஒன்றரை நிமிடம் போல ஆனது, மதியம் சூடு ஏறியதும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. முதல் துணி அதிகப்படியை எடுக்கும், இரண்டாவது துணி சமப்படுத்தும். அப்புறம் இரண்டு மூன்று கோணத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கறுத்த மேடு ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே இன்னும் கொஞ்சம் கோட்டிங் தொட்டு இளக்கித் துடைத்துவிடலாம். மறுநாள் பார்த்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். வண்டி முழுக்க 12 மில்லி போல்தான் செலவானது. துடைத்த துணிகளைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், அதிலும் பிசின் இறுகிவிடும்.

பிரேக் டிஸ்க், டயர், சீட், கால்வைப்பு, கைப்பிடி ஆகியவற்றுக்கு ஒரு சொட்டும் கிடையாது. டிஸ்க்கை முன்கூட்டியே பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டேன். இதில் விளையாடக் கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்டது. சைலன்சரையும் விட்டுவிட்டேன், சாதாரணக் கோட்டிங் அந்தச் சூட்டில் நிற்காது.

மூன்றாம் நாள் வண்டி கொட்டகையிலேயே நின்றது. அடுத்த ஒரு வாரம் சோப்பு போடாமல், ஷீட் கட்டாமல் ஓட்டினார்.

பதினோரு மாதம் பார்த்தது

ஜனவரி முதல் மார்ச் வரை செம்மண் தூசிதான் பிரச்சினை. முன்பு ஈரத்துணியால் துடைத்தால் சிவந்த சேறாகப் பரவும், கீறலும் விழும். இப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. ஆனால் தூசி ஒட்டவே ஒட்டாது என்று இல்லை, ஒட்டும், கழுவுவது சுலபம், அவ்வளவுதான். முன்பு வண்டி கழுவ முக்கால் மணி நேரம் எடுத்த சித்தப்பா இப்போது இருபது நிமிடத்தில் முடிக்கிறார்.

ஏப்ரலில் திங்ஜான் தண்ணீர்த் திருவிழா. நாலு நாள் வாளி வாளியாக ஊற்றினார்கள், முகத்தில் பூசும் தனகா மரப்பட்டைக் குழம்பு கலந்த தண்ணீரும் உண்டு. எல்லாம் கழுவியதும் போய்விட்டது. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா வெயிலிலேயே காயவிட்டுவிட்டார், முன் கவரில் தண்ணீர் வட்டங்கள் நின்றன. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: தண்ணீர் முத்தாக உருண்டு நிற்பது பார்க்க அழகு, அதே முத்து வெயிலில் காய்ந்தால் அதில் உள்ள தாது முழுக்க ஒரே இடத்தில் குவியும். கோட்டிங் போட்ட வண்டியைத்தான் கழுவியதும் துடைக்க வேண்டும். அந்த வட்டங்களை அன்றே பார்த்ததால் வினிகர் தண்ணீரில் போயிற்று.

அதே மாதம் ஒரு லாரியிலிருந்து குன்யா என்கிற வெற்றிலைப்பாக்கு எச்சில் கால் மறைப்பு முழுக்கத் தெறித்தது. வெற்றிலையில் இருக்கும் சுண்ணாம்பு காரம், பாக்கும் காசுக்கட்டியும் சாயம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கழுவ முடிந்தது, கறையே இல்லை. கோட்டிங் பூசாத கறுப்பு மட்கார்டு ஓரத்தில் பட்டது இன்றும் மங்கலாகத் தெரிகிறது. எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்தது அந்த ஓரத்தைப் பார்த்தபோதுதான்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழை முழுக்கப் பார்த்தாயிற்று. முன் கவர், கால் மறைப்பு, பக்க கவர்களில் தண்ணீர் இன்னும் உருள்கிறது, முதல் மாதத்தைப் போல் சுறுசுறுப்பாக இல்லை, ஆனால் உருள்கிறது. சிவப்பு இந்த வருடம் மேலும் மங்கியதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்தில் அதைப் பற்றி உறுதியாக முடிவு சொல்ல மாட்டேன்.

கோட்டிங் தோற்றுப்போன இடம் பின்பக்க கவர். ரப்பர் ஷீட்டைக் கட்டும் கயிறு ஒவ்வொரு பயணத்திலும் அதே இடத்தில் உரசுகிறது, கயிற்றில் மண் ஏறியிருக்கிறது. இரண்டே மாதத்தில் கயிறு படும் கோட்டில் கோட்டிங் போய், கிளியர் கோட்டிலும் கீறல் விழத் தொடங்கியது. பக்கத்திலேயே, கயிறு படாத இடத்தில், ஷீட்டிலிருந்து அமிலத் தண்ணீர் சொட்டியும் புதிய வட்டம் ஒன்றுகூட விழவில்லை. இரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு முடிவு. வேதிப்பொருளை இந்தப் படலம் தாங்குகிறது, உரசலைத் தாங்கவில்லை. மூட்டை, பால் கேன், கூடை என்று தினம் பின்னால் கட்டுகிறவர்கள் அந்த இடத்துக்குக் கோட்டிங்கை நம்பாமல், தடிமனான ஒட்டும் பிலிமோ ரப்பர் விரிப்போ போடுவதுதான் சரி. சித்தப்பா செப்டம்பரில் பழைய லாரி டியூபை வெட்டி கயிற்றுக்கு அடியில் வைத்தார், அதற்குப் பிறகு கீறல் கூடவில்லை. நான் அதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

செலவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேலைக்கு, தோட்டத்துக்கு என்று தினம் வெளியே நிற்கும் வண்டி என்றால் எனக்கு இது வேண்டும் என்றே தோன்றுகிறது, புதுசாக வாங்கியவுடன் போட்டால் பாலிஷ் வேலையும் குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே தெளிக்கும் சிலிக்கா ஸ்பிரே போட்டேன், அதுவும் உதவியிருக்கும். ஆனால் மழைக்காலத்தில் யாராவது கேட்டால் நான் போடுவதில்லை. வெறும் கழுவல், நல்ல மெழுகு ஒரு கை, நவம்பர் வரை பொறுங்கள் என்றே சொல்கிறேன். சிலருக்குக் கோபம்கூட வருகிறது.

இந்த டிசம்பரில் பின்பக்க கவரை மட்டும் கழற்றி மறுபடி செய்யப்போகிறேன். பீப்பாய் இரண்டும் மழைத் தண்ணீரில் நிரம்பியிருக்கிறது, பாட்டிலை இன்னும் திறக்கவில்லை, சித்தப்பா தேதியைக் குறித்துக்கொடுத்துவிட்டார்.